பாயும் நாயும் பழக்கமும்

விருந்தாளி வந்தாலே எங்கள் நாய் மேலே பாய்கிறது. மரியாதையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

குட்டியாக இருந்தபோது அதே பாய்ச்சலுக்குத் தூக்கிக் கொஞ்சியது யார்? இரண்டு கிலோவில் ரசித்ததை இருபது கிலோவில் குற்றம் என்றால் பாவம், அதற்கு எப்படிப் புரியும்? பாய்ந்தால் திட்டாமல், தொடாமல், பேசாமல் திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட நொடியே தட்டிக்கொடுங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். தாத்தா மட்டும் ரகசியமாகக் கொஞ்சினால் நாய் தாத்தா கட்சிக்குப் போய்விடும்.

செருப்பைக் கடித்துவிட்டு என்னைக் கண்டதும் தலை குனிகிறதே, தப்பு என்று தெரிந்துதானே?

அது குனிவது செருப்புக்காக அல்ல, உங்கள் முகத்துக்காக. நியூயார்க்கில் நாய்களின் அறிவை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக் கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தைத் தொடாத நாய்களும் திட்டு விழுந்ததும் அதே 'குற்றவாளி' முகத்தைக் காட்டின. செய்யாத தப்புக்கும் குனிகிற பிராணியை அடிக்க எப்படி மனம் வரும்? நேரம் கழித்து அடித்தால், நீங்கள் வீடு திரும்பினாலே ஆபத்து என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். செருப்பை உயரத்தில் வையுங்கள். கடிக்க அதற்கென்று ஒரு பொம்மை கொடுங்கள்.

சாப்பிடும்போது கெஞ்சுகிறது. ஒரு வாய் கொடுத்தால் என்ன?

நாளை இரண்டு வாய் கேட்கும். அதைவிட முக்கியம்: நாம் ருசித்துச் சாப்பிடும் வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றுமே நாய்க்கு விஷம்.