1950இல் உங்கள் தாத்தா எங்கே இருந்தார்?

நம் அரசாங்கத்துக்கு வரலாற்றின் மீதுள்ள காதலை யாரும் உரிய முறையில் பாராட்டியதில்லை. கீழடியில் தோண்டுகிறார்கள், முசிறியைத் தேடி எறணாகுளம் ஜில்லாவில் பட்டணம் கிராமத்தில் தோண்டினார்கள் என்று பெருமை பேசுகிறோம். உண்மையான அகழாய்வு நடக்கும் இடம் வில்லேஜ் ஆபீஸ். படிப்புக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் உதவி கேட்டு ஒரு பெண் அங்கே போய் நிற்கட்டும். நாற்காலி நிமிரும். மூக்குக் கண்ணாடி இறங்கும். கேள்வி பிறக்கும்: 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி உன் தாத்தா எங்கே குடியிருந்தார்?

தாத்தா உயிரோடு இருந்தவரை அவரை யாரும் இத்தனை அக்கறையோடு விசாரித்ததில்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கவில்லை. இருமல் குறைந்ததா என்று கேட்கவில்லை. மனுஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவர் முகவரிக்கு வந்த மவுசைப் பாருங்கள்.

பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் அந்த ஆகஸ்ட் 10. அன்றைக்கு எந்த மாநிலத்தில் குடியிருந்தீர்களோ, அந்த மாநிலத்தில்தான் உங்களுக்குப் பட்டியல் சாதி என்ற தகுதி. பிறகு பிழைப்புத் தேடி வேறு மாநிலம் போனால் தகுதி கூட வராது. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது, 2018இல் பீர் சிங் வழக்கில் அதையே உறுதி செய்தது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. சாதியால் வரும் சலுகை வாளையார் எல்லையில் இறக்கி விடப்படும். சாதியால் வரும் இளக்காரத்துக்கு மட்டும் டிக்கெட் வேண்டாம், அது கொச்சி வரைக்கும் கூடவே வரும்.

மட்டாஞ்சேரிக்கு வருவோம். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில், வெளி என்ற இடத்தில், தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கக் கூட்டி வந்த தமிழ் வண்ணார்களின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். சுற்றுலாப் பயணிகள் வந்து, கயிற்றில் காயும் வெள்ளை விரிப்புகளைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கிளிப் போடாமல் இரண்டு கயிற்றின் முறுக்குக்குள் துணியைச் செருகும் வித்தையை எல்லோரும் வியக்கிறார்கள். அந்த வித்தைக்காரரின் மகள் காலேஜில் சேர்ந்தால் மட்டும், நீ இந்த ஊர்க்காரிதானா என்ற சந்தேகம் அரசுக்கு வந்துவிடுகிறது.

இப்படி ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், விண்ணப்ப எண் போதும். அரசுக்கும் அதுதான் வசதி. அம்மா வீட்டார் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர். அப்பாவின் அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். எந்த வருஷம் வந்தார்? யாருக்கும் தெரியாது. மூட்டையோடு இறங்கிய அன்று யார் அவருக்கு ரசீது கொடுத்தார்கள்?

இனி கூத்தைக் கேளுங்கள். கேரளத்தின் பட்டியலில் வண்ணான் பட்டியல் சாதி. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை தாலுகாவிலும் மட்டும் பட்டியல் சாதி, மற்ற இடங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். ஏன் அப்படி? 1956 வரை அந்த இரண்டு பகுதிகளும் திருவிதாங்கூரோடு இருந்தன. மொழிவாரி மாநிலம் பிரித்தபோது கோட்டை நகர்த்தினார்கள், பட்டியலை அங்கேயே விட்டுவிட்டார்கள். ஆக, செங்கோட்டையில் ஒரு வண்ணார் வெளுக்கும் அழுக்கு வேறு, பக்கத்துத் தாலுகாவில் அவர் மச்சான் வெளுக்கும் அழுக்கு வேறு. தாத்தா 1950க்கு முன்பே கொச்சிக்கு வந்திருந்தால் பேத்திக்கு ஒரு சாதி, அதற்கடுத்த வருஷம் ரயில் ஏறியிருந்தால் இன்னொரு சாதி. சாதி பிறப்பால் வருவது என்று மனு சொன்னதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். ரயில்வே அட்டவணையாலும் வரும் என்று கண்டுபிடித்தது நம் வருவாய்த் துறை.

இதற்கு மேலும் ஒரு மெருகு உண்டு. 1950இல் மட்டாஞ்சேரி திரு-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. ஒட்டிக் கிடக்கும் ஃபோர்ட் கொச்சியோ, பழைய பிரிட்டிஷ் கொச்சி. சென்னையிலிருந்து ஆளப்பட்ட மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டு. கிழவர் காலையில் மதராஸ் ராஜ்யத்தில் துணி வெளுத்து, மத்தியானம் திரு-கொச்சியில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, ராத்திரி எந்த ராஜ்யத்தில் பாயை விரித்தார் என்பதைப் பேத்தி நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? நிலப் பட்டயம், பழைய ரேஷன் கார்டு, பள்ளிக்கூட அட்மிஷன் ரெஜிஸ்டர். நிலம் இல்லாதவர், பள்ளிக்கூட வாசலில் துணி மூட்டையோடு மட்டுமே நின்றவர் எதைக் காட்டுவார்? வெளுத்த சட்டைகளையா?

அரசு சேவை மையமான அக்ஷயாவின் கவுன்டரில் நடப்பதை ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ் புத்தகம், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். "வருமான சர்ட்டிபிகேட் போன வருஷத்தது மோளே, எடுக்காது." "போன வருஷத்தை விட ஏழையாத்தான் சேச்சி ஆகியிருக்கோம்." "அதை வில்லேஜ் ஆபீசர் எழுதித் தரணும்." வில்லேஜ் ஆபீசில் ஆள் இல்லை, அளவைக்குப் போயிருக்கிறார். ஃபோர்ட் கொச்சி தாலுகா ஆபீசுக்குப் போனால் ஃபைல் வில்லேஜில் இருக்கிறது என்கிறார்கள். திரும்பி வந்தால் சர்வர் இல்லை. "நாளெ வரூ." நாளை இரண்டாம் சனி. சாதி சந்தேகமாகிவிட்டால் கோழிக்கோட்டில் கிர்டாட்ஸ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, மானுடவியல் அறிஞர்கள் விசாரிப்பார்கள். குலதெய்வம் எது, கல்யாணத்தில் யார் தாலி எடுத்துக் கொடுப்பார் என்று கேட்பார்கள். மெஸ் பில்லை யார் கட்டுகிறார் என்பது அவர்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

சாதியைத் தாண்டிவிட்டால் வருமானம். பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு டெல்லி வைத்திருக்கும் வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2022-23இல் கேரளக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 852 ரூபாய் 50 காசு. மாதம் 25 நாள் கலவை சுமந்தால் வருஷத்துக்கு 2,55,750 ரூபாய். முடிந்தது கதை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வெடுத்த குற்றத்துக்காக அவர் பணக்காரர். கேரள அரசு தன் கையிலிருந்து போட்டால் உண்டு, டெல்லிப் பணம் அவர் மகளுக்குக் கிடையாது. அதே டெல்லி 2019இல் உயர்சாதி ஏழைகளைக் கண்டுபிடித்தது. அவர்களுக்கு இடஒதுக்கீட்டில் வரம்பு எட்டு லட்சம். மாதம் 66,000 ரூபாய் வாங்குகிறவர் ஏழை, 21,300 ரூபாய்க் கூலிக்காரர் செல்வந்தர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டால் வாத்தியார் முட்டி போடச் சொல்வார். டெல்லி போட்டது, மேஜையைத் தட்டினார்கள்.

சரி, எல்லாச் சான்றும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பணம் எவ்வளவு? கல்விக் கட்டணம் தனி. படிப்புச் செலவுக்கென்று கொடுப்பது ஆண்டுக்கு 2,500 ரூபாயிலிருந்து 13,500 ரூபாய் வரை. வீட்டிலிருந்து பிளஸ் டூவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் போய்வரும் பிள்ளைக்கு அந்த 2,500. நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. மட்டாஞ்சேரியில் அந்தக் காசுக்குச் சாயா கிடைக்காது. சாயாவின் வாசனை கிடைக்கும், நிற்க விட்டால்.

1944இல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய திட்டம் இது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதைப் புதுப்பித்து, ஐந்து வருஷத்துக்கு 59,048 கோடி ரூபாய் என்று அறிவித்தது. 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம். முதலில் மாநிலம் போட வேண்டும், அப்புறம்தான் மத்திய அரசு போடும். ஆகவே திருவனந்தபுரம் டெல்லியைக் கைகாட்டும், டெல்லி திருவனந்தபுரத்தைக் கைகாட்டும். இரண்டு கைகளும் காட்டிக்கொண்டே இருப்பதால் கொடுப்பதற்குக் கை காலியாக இல்லை. இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை நிலுவைக்காகக் கேரளத்தின் தலித், ஆதிவாசி மாணவர்கள் தெருவுக்கு வந்து கோஷம் போட்டது இதனால்தான்.

கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இந்தக் கைகாட்டு விளையாட்டு கழுத்தறுப்பு. அந்தக் கல்லூரி யோசனை இந்தியாவில் முளைத்ததே நம் பக்கம்தான். 1995இல் புதுச்சேரி, அடுத்த வருஷம் சென்னை. பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்களுக்கு, உள்ளூரிலேயே, கைத்தொழிலோடு குறுகிய படிப்பு என்பது நோக்கம். பிறகு யு.ஜி.சி. அதைத் தத்தெடுத்தது, ‘ஸ்கில்’ என்று பெயர் சூட்டிப் பேனர் கட்டியது. பேனர் கட்டியவர்கள் ஒன்றை மறந்தார்கள். மூன்று வருஷ பி.ஏ.வில் முதல் வருஷப் பணம் இரண்டாம் வருஷம் வந்தால் கடனையாவது அடைக்கலாம். ஒரு வருஷ டிப்ளமோவில் தாமதம் என்றால் மறுப்பு. படிப்பு முடிந்துவிடும், விசாரணை முடியாது. அந்தப் பெண் பாதியில் நின்று எறணாகுளம் பிராட்வேயில் ஜவுளிக் கடைக்குப் போன பிறகு, கணக்கில் பணம் விழும். அரசு அறிக்கையில் அவள் ‘பயனாளி’. விளம்பரத்தில் அவளைப் போன்ற ஒருத்தி பட்டமளிப்புக் குல்லாவோடு சிரிப்பாள்.

இத்தனை கெடுபிடியும் மோசடியைத் தடுக்கத்தானே என்று நியாயம் பேசும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு. 2023 ஆகஸ்டில் வெளியே வந்தது அது: சிறுபான்மையினர் நல அமைச்சகம் தன் உதவித்தொகைப் பட்டியலிலிருந்த 1,572 கல்வி நிறுவனங்களைச் சோதித்தது. 830 நிறுவனங்கள் போலி, அல்லது இயங்காதவை. இழப்பு 144 கோடியே 83 லட்சம் ரூபாய் என்று சொல்லி சி.பி.ஐ.யிடம் போனார்கள். அந்த 830 நிறுவனங்களின் தாத்தா 1950இல் எங்கே இருந்தார் என்று யாராவது கேட்டார்களா? இல்லாத கட்டடம், இல்லாத வகுப்பு, இல்லாத பிள்ளை, எல்லாவற்றுக்கும் முத்திரை விழுந்தது. இருக்கிற பிள்ளைக்கு மட்டும் சர்வர் டவுன். மட்டாஞ்சேரியின் முஸ்லிம் பிள்ளைகளுக்கோ அதற்கு முன்பே தீர்ப்பாகிவிட்டது. 2022 இறுதியில் எட்டாம் வகுப்பு வரைக்குமான சிறுபான்மை உதவித்தொகை நின்றது, ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப்பும் நின்றது. இல்லாத உதவித்தொகையில் ஊழல் நடக்காது. எவ்வளவு சுத்தமான நிர்வாகம்!

அமெரிக்காவிலும் குளறுபடி நடந்தது. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள் நம்பியிருக்கும் பெல் கிராண்டுக்கான விண்ணப்பப் படிவம் அக்டோபரில் திறப்பது வழக்கம். 2023இல் டிசம்பர் 30க்குத் தள்ளிப்போய், திறந்தும் படுத்துக்கொண்டது. அங்கே நாடாளுமன்றம் விசாரித்தது, மாணவர் உதவித் துறையின் தலைவர் 2024இல் பதவியை விட்டுப் போனார். இங்கே நிலுவைக்காக எந்த நாற்காலியாவது அசைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நம் நாற்காலிகள் தரமான தேக்கு.

தாய்த் தமிழகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மாநாட்டுப் பந்தலில். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள், நல்ல திட்டங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கொச்சியின் வாத்துருத்திக் காலனியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அங்கே மலையாளி, இங்கே பாண்டி. உலகத் தமிழர் கணக்கில் மட்டும் தலை எண்ணிக்கைக்கு உதவுவாள்.

மட்டாஞ்சேரிக்கு இந்த நாடகம் புதிதல்ல. துறைமுகத்தில் சாப்பா என்றொரு முறை இருந்தது. வேலைக்கு நிற்கும் கூட்டத்தின் மேல் மூப்பன் உலோக வில்லைகளை வீசுவான். அடித்துப் பிடித்து, மண்ணில் புரண்டு, வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்றைக்குக் கூலி, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்து எழுந்த தொழிலாளர் மீது 1953 செப்டம்பர் 15இல் போலீஸ் சுட்டது. பலியானவர்களைச் சைது, சைதலவி, ஆன்டணி என்று இந்த ஊர் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறது. இப்போது வில்லையை வீசுவதில்லை, போர்ட்டலைத் திறக்கிறார்கள். கடைசித் தேதிக்கு முன் ஓ.டி.பி. வந்தவளுக்குப் படிப்பு, வராதவளுக்கு அடுத்த வருஷம். புரளுவது மண்ணில் இல்லை என்பதால் இதற்கு டிஜிட்டல் முன்னேற்றம் என்று பெயர்.

கேட்பது பெரிய புரட்சியல்ல. காலேஜில் சேர்ந்த வாரத்திலேயே முதல் தவணையைக் கொடுங்கள், சந்தேகத்தை அப்புறம் விசாரியுங்கள். சாதிச் சான்றை ஒரு முறை கொடுத்தால் ஆயுளுக்கும் செல்லுமென்று எழுதுங்கள். 1950இன் கணக்கு வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் எறணாகுளம் ஆவணக் காப்பகத்திலும் இரண்டு அரசுகளும் சம்பளம் வாங்கும் ஆட்களை அனுப்பித் தேடட்டும். அது பதினெட்டு வயதுப் பெண்ணின் வேலையல்ல. தண்ணீர் வரியை ஒரு மாதம் பிந்திக் கட்டினால் எங்களிடம் அபராதம் வாங்குகிறீர்கள். எங்கள் பிள்ளைகளின் பணத்தை நீங்கள் பிந்திக் கொடுத்தால் வட்டியோடு கொடுங்கள். அந்த வட்டியை, ஃபைலைத் தூங்கவைத்தவரின் சம்பளத்திலிருந்து பிடியுங்கள். ஒரே ஒரு மாதம் அப்படிப் பிடித்துப் பாருங்கள், சர்வர் அதற்கப்புறம் படுக்காது.