வார்த்ததா, அடித்ததா?

கேள்வி: துப்பாக்கிப் பாகங்களை உருக்கி வார்ப்பது நல்லதா, காய்ச்சி அடிப்பது நல்லதா?
– வாசகர், முன்னேஸ்வரம்

பதில்: இரண்டுக்கும் சாட்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கோயில் மணி வார்த்தது. தேங்காய் உரிக்கும் அலவாங்கு அடித்தது. அலவாங்கை வார்ப்பிரும்பில் செய்தால் தேங்காய்க்கு முன் அதுதான் உடையும்!

உடைந்த வார்ப்பிரும்புத் துண்டை உற்றுப் பாருங்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், மணல்போல் பொரபொரவென்று இருக்கும். உருகிய உலோகம் இறுகும்போது சுருங்குவதால், கவனம் தப்பினால் உள்ளே சிறு துளைகளும் தங்கிவிடும். காய்ச்சி அடித்த எஃகிலோ உலோக மணிகள் மர நார்போல உருவத்தின் வளைவோடு ஓடும், அதிர்ச்சியைத் தாங்கும். அமெரிக்காவின் எம்1 கேரண்ட் ரைபிளின் ரிசீவர் (துப்பாக்கியின் நடு உடல்) அடித்துச் செய்யப்பட்டது அதனால்தான்.

அதற்காக வார்ப்பை இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1949இல் தொடங்கிய ரூகர் நிறுவனம் மெழுகு மாதிரி முறையில் வார்த்த எஃகு ரிசீவர்களாலேயே பேர் வாங்கியது. சுவாமிமலைச் சிற்பிகள் பஞ்சலோகச் சிலை வார்ப்பதும் மெழுகை உருக்கி வெளியேற்றும் அதே தத்துவத்தில்தான்! சரியான எஃகு, முறையான பதப்படுத்தல், எக்ஸ்ரே சோதனை மூன்றும் சேர்ந்தால் வார்ப்பும் உழைக்கும்.

இடி விழும் போல்ட்டுக்கு (குண்டறையை மூடும் பாகம்) அடிப்பு. சிக்கலான வடிவத்துக்கு வார்ப்பு. எந்த முறையானாலும், பதம் தப்பினால் இரும்பும் துரும்புதான்.