ஜப்தியான ஈமு

(முதலீட்டு மோசடி வழக்குகளை விசாரிக்கும் கோவை டான்பிட் கோர்ட்டுக்குப் பக்கத்து டீக்கடை. ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டவர் மாமா. போட வைத்த ஏஜென்ட், அவருடைய அக்கா மகன்.)

மாமா: ஏன்டா மாப்ளே, ஆளைப் புடிச்சாங்க, கேசு போட்டாங்க. என்ற பணம் எங்கடா போச்சு?

மாப்பிள்ளை: எங்கயும் போகலீங் மாமா, ஊருக்குள்ளதான் இருக்குது. உங்களுக்கு முந்திப் போட்டவங்களுக்கு மாசாமாசம் குடுத்தது உங்க பணந்தானுங். டிவி விளம்பரத்துக்கு வந்த நடிகருக்குக் கொஞ்சம், எனக்குக் கமிஷன் கொஞ்சம்.

மாமா: அந்தக் கமிஷனையாவது எடு!

மாப்பிள்ளை: அதுல பைக் வாங்குனனுங். ஜப்தி பண்ணி ஸ்டேஷன் வேப்பமரத்தடியில நிறுத்தியிருக்காங்க. சீட்டைக் கிழிச்சுக் காக்கா கூடு கட்டுது. உங்க சொத்துத்தானுங், ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க.

மாமா: கம்பெனிக்காரன் சொத்தை வித்துக் குடுக்க வேண்டியதுதானே?

மாப்பிள்ளை: அதுக்குத்தான் 1997லயே சட்டம் போட்டாங்களே! மொதல்ல சொத்து எங்கிருக்குதுன்னு பொருளாதாரக் குற்றப்பிரிவு கண்டுபுடிக்கோணும். சர்க்கார் ஜி.ஓ. போட்டு முடக்கோணும். டிஆர்ஓ கோர்ட்டுல மனுப் போட்டு அதை உறுதி பண்ணோணும். அதுக்குள்ள, ‘இந்த எடம் எங்ககிட்ட அடமானத்துல இருக்குது’ன்னு பேங்க் வந்து நிக்கும். ‘எனக்கு அப்பவே கிரயம் பண்ணிட்டாரு’ன்னு மச்சினன் வருவான். எல்லாத்தையும் விசாரிச்சு ஏலம் விட்டு, வந்ததைப் பங்கு போட்டாத்தான் உங்க கைக்கு.

மாமா: எடம் கெடக்கட்டும், ஈமு இருந்துச்சே?

மாப்பிள்ளை: 2012ல பெருந்துறைப் பக்கம் பாத்தீங்கல்ல? முதலாளிக ஓடிப்போனாங்க, கோழிக பட்டினி கெடந்துச்சு. கடைசியில சர்க்கார் செலவுலதான் தீனி போட்டாங்க. வீட்டை ஜப்தி பண்ணினா சும்மா நிக்கும். இது மூணு வேளையும் திங்குது!

மாமா: கறி, முட்டை, எண்ணெய், தோலு, எல்லாம் காசுன்னு சொன்னியேடா!

மாப்பிள்ளை: காசுதானுங். வாங்கத்தான் ஆளில்லை. புதுசாப் பணம் போட வர்றவருக்குக் குஞ்சு குடுத்தோமில்ல, அது ஒண்ணுதான் யாவாரம்.

மாமா: செக் திரும்பின அன்னிக்கே நான் போலீசுக்குப் போயிருப்பேன்...

மாப்பிள்ளை: ‘புகார் குடுத்தாக் கம்பெனியைப் பூட்டிருவாங்க, அப்பறம் ஒத்தப் பைசா வராது’ன்னு நாந்தான் தடுத்தனுங். நீங்களும் அதையே சொல்லிச் சம்பந்தியைத் தடுத்தீங்க. நம்ம எல்லாரும் கம்பெனியைக் காப்பாத்துன நேரத்துலதான் முதலாளி சொத்தைப் பேரு மாத்தினாரு.

மாமா: (குரலைத் தாழ்த்தி) நேத்து ஒருத்தன் போன் பண்ணினான். டெல்லியில ஆபீசாம். 5,000 கட்டினாப் போன பணம் மொத்தத்தையும் மீட்டுக் குடுப்பானாம்.

மாப்பிள்ளை: கட்டிட்டீங்களா?

மாமா: பாதிதான் கட்டியிருக்கேன்.

மாப்பிள்ளை: அவங்களுக்கு இந்தப் பக்கம் ஏஜென்ட் யாராச்சும் வேணுமாமா மாமா?

மாமா: செருப்பு பிஞ்சிரும்! தீர்ப்பாவது எப்ப வரும்னு சொல்லு.

மாப்பிள்ளை: திருப்பூர் பாசி நிறுவனக் கேசு தெரியுமில்லீங்? 930 கோடி மோசடி. 2009ல வெடிச்சுது, சிபிஐ வரைக்கும் போச்சு, இதே கோவைக் கோர்ட்டுல 2022ல தீர்ப்பு. 27 வருசம் ஜெயில், 171 கோடிக்கு மேல அபராதம்.

மாமா: 930 போன எடத்துல 171ஆ?

மாப்பிள்ளை: அதுவும் கட்டினாத்தானுங்.