பாரிஸ் புதைத்த உலோகம்

1801இல் மெக்சிகோவில் ஆந்த்ரெஸ் மனுவேல் தெல் ரியோ என்ற பேராசிரியர் ஓர் ஈயத் தாதுவைக் குடைந்துகொண்டிருந்தபோது புது உலோகம் ஒன்று தட்டுப்பட்டது. அதன் உப்பு சூட்டில் சிவந்ததால் எரித்ரோனியம் என்று பெயரும் சூட்டிவிட்டார். தாதுவை ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் பாரிஸுக்குக் கொண்டுபோனார். 1805இல் அங்கே கொலே-தெகோதில் என்பவர் அதைச் சோதித்து, புதிதாவது ஒன்றாவது, அழுக்கேறிய குரோமியம் என்று ஒதுக்கித் தள்ளிவிட்டார். பாரிஸே சொன்ன பிறகு அப்பீல் ஏது? தெல் ரியோவும் உரிமையை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

1830இல் சுவீடனின் செஃப்ஸ்த்ரோம் அதே உலோகத்தை இரும்பில் கண்டுபிடித்தார். ஸ்காண்டிநேவிய அழகுத் தெய்வம் ஒன்றின் பெயரில் அது வனேடியம் ஆயிற்று. இரண்டும் ஒன்றுதான் என்று மறு வருடமே நிரூபணமானது. பெற்றவர் பெயரில் ரியோனியம் என்று மாற்றலாமே என்று ஒரு நல்லவர் சொல்லிப்பார்த்தார். யார் கேட்டார்கள்?

பிறகு 1905. ஃபுளோரிடாவில் கார் பந்தயம். ஒரு பிரெஞ்சுக் கார் அப்பளமாக நொறுங்கியது. ஊரே ஓட்டியவருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருக்கும். ஹென்றி ஃபோர்டோ குனிந்து ஒரு வால்வுத் தண்டைப் பொறுக்கினார். எடை குறைவு, உறுதியோ அதிகம். சோதித்தால் உள்ளே வனேடியம்! இது ஃபோர்டே தம் சுயசரிதையில் சொன்ன கதை. கோடீஸ்வரர்களின் ஞாபகசக்திக்குக் கொஞ்சம் பாலிஷ் போடும் பழக்கம் உண்டு என்பதையும் சேர்த்தே படிக்கவும். ஆனாலும், பிரான்சுக்காரர் புதைத்ததைப் பிரெஞ்சுக் காரே தோண்டிக் காட்டியது என்றால் யாருக்குத்தான் நம்ப ஆசை வராது?

வனேடியம் கலந்த எஃகை உருக்க, ஃபோர்டு சொன்ன கணக்கில், 3,000 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். சாதாரண உலைகள் 2,700இலேயே மூச்சு வாங்கின. ஒஹாயோவின் கேன்டனில் ஒரு சின்ன ஆலையைப் பிடித்து, நஷ்டம் வந்தால் என் தலையில் என்றார் ஃபோர்டு. முதல் வார்ப்பு படுதோல்வி, வனேடியம் உள்ளே அவ்வளவாகத் தங்கவில்லை. இரண்டாவது தேறியது. அதுவரை சதுர அங்குலத்துக்கு 60,000, 70,000 பவுண்டு இழுவிசைக்கு மேல் தாங்காத எஃகு, இப்போது 1,70,000 தாங்கியது என்கிறார்.

வனேடியம் போடுவதோ சிட்டிகைதான், கால் சதவீதம்கூட இல்லை. ஆனால் அது கரியோடு சேர்ந்து எஃகின் படிகங்களுக்கு நடுவே வேலிக்கல்லாக நின்றுகொள்கிறது. உலையில் சூடேறும்போது ஒரு படிகம் பக்கத்துப் படிகத்தின் நிலத்தை வளைத்துப்போட முடியாது. எல்லாம் பொடிப்பொடியாகவே இருப்பதால் எஃகு உறுதியாகவும் இருக்கிறது, லேசில் முறியாமலும் இருக்கிறது. இந்த எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கடினமாகும், ஆனால் கண்ணாடிபோல நொறுங்கும். மறுபடி மிதமாகச் சூடாக்கினால்தான் முறுக்கைத் தாங்கும் குணம் வரும். எந்தச் சூட்டில் நிறுத்துவது என்பதில்தான் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் ஆயுள் இருக்கிறது.

இத்தனை நுணுக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஃபோர்டு பெரிய பட்டதாரியைத் தேடவில்லை. தம் கார் ஆலையில் தரை கூட்டும் வேலையில் சேர்ந்த ஜான் வாண்டர்சியை கேன்டனுக்கு அனுப்பிக் கற்றுவரச் சொன்னார். அவரும் போய்க் கற்றுவந்து சோதனைக்கூடத்தையே நடத்தினார்.

1908இல் 850 டாலருக்கு ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. விளம்பரத்தில் வனேடியம் எஃகைப் பற்றி ஒரே பீற்றல். அமெரிக்க விவசாயிகளுக்கு வேதியியல் எதற்கு? பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பெல்ட்டை மாட்டி, காரை வைத்து விறகு அறுத்தார்கள்.