ஒரே மேசை, ஒப்பற்ற வேகம்

கம்பியில்லாத் தொடர்புக்கு ஒரே எதிரி தூரம். சிகாமட்டில் அதை ஒழித்துவிட்டோம். இரண்டு என்ஆர்எஃப்24 ரேடியோ மாட்யூல்களை ஒரே மேசையில், ஒரு சாண் இடைவெளியில் வைத்து வேகத்தை அளந்தோம்.

விவரத்தாளில் 2 எம்பிபிஎஸ். ஒரு பொட்டலத்தில் 32 பைட்தான் போகும். முகவரி, சரிபார்ப்பு, ‘கிடைத்தது’ என்ற பதில் எல்லாம் கழிந்தால் மிச்சம் குறைவு. கழிக்காமல் விடுவதுதான் பண்பு.

செம்பனைத் தோட்டத்தில் சோதித்தால்? ஈர மட்டைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கிவிடும். ஆகவே தோட்டத்தை மேசைக்குக் கொண்டுவரச் சிபாரிசு செய்துள்ளோம்.

காணொளிகளோடு சோதனை அறிக்கை 32 ஜிபி. மாட்யூலின் மிகக் குறைந்த வேகமான 250 கேபிபிஎஸ்ஸில் அனுப்பினால் ஏறக்குறைய 12 நாள். நம்ம தம்பி பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, மோட்டாரில் லாபிஸுக்கு 40 நிமிடத்தில் சேர்த்துவிட்டார். அதாவது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல்! 2020இல் மலேசிய அரசு அறிவித்த ஜெண்டெலா இணைய வசதித் திட்டத்தின் முதல் கட்டக் கைப்பேசி வேக இலக்கே 35தான்.

தம்பியின் மோட்டாருக்கு அலைவரிசை ஒதுக்கச் சொல்லி, தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு மனு தயார். அதையும் தம்பியே கொண்டுபோவார்.