வரும் திங்கள் முதல்

கெட்ட பழக்கங்களைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். ராத்திரி ஒரு மணி வரை போன், விடிந்த பிறகும் போர்வை, நாலு காபி, சாயங்காலம் பஜ்ஜி. இந்தப் பட்டியலில் ஏறாத பழக்கம் ஒன்று இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் காவல்காரன். திருந்துவதற்குத் தேதி குறிக்கிற பழக்கம் அது. ‘வர்ற திங்கள்லேருந்து வாக்கிங்’, ‘ஒண்ணாந்தேதிலேருந்து சர்க்கரை கிடையாது’, ‘பொங்கல் போகட்டும், அப்புறம் பாருங்க’. கேட்பவர் மெச்சுகிறார், சொன்னவருக்கோ நடக்காமலேயே நாலு கிலோ இறங்கிவிட்ட சுகம். மற்ற பழக்கங்களென்றால் மனசாட்சி அவ்வப்போது உறுத்தும். இது அந்த உறுத்தலுக்கே மருந்து தடவிவிடுகிறது. நம் குறைகள் இத்தனை காலம் நம்மோடு சௌக்கியமாகக் குடியிருப்பது இதன் தயவில்தான் என்பது என் கட்சி.

தேதி குறித்த கையோடு இன்னொன்றும் நடக்கிறது. குறித்த தேதிக்கு முன்னால் இருக்கிற நாளெல்லாம் விடுமுறையாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பரோட்டாக் கடையில், ‘நாளைலேருந்து இதெல்லாம் கட்’ என்று அறிவித்துவிட்டு உட்காருகிறவரைக் கவனியுங்கள். வழக்கமாக இரண்டோடு எழுந்துவிடுகிற மனிதர், அன்று மூன்றாவதையும் பிய்த்துப் போட்டு, அதன் தலையில் சால்னாவை ஊற்றி, அது ஊறுவதற்குள் ஒரு ஆஃப் பாயிலுக்கும் சொல்லிவிடுகிறார். திருந்துவதென்று முடிவெடுக்காமல் இருந்திருந்தால் இரண்டோடு போயிருக்கும். ஆக, திங்கட்கிழமைச் சீர்திருத்தத்தின் முதல் விளைவு ஒரு பரோட்டா கூடுதல். சரி, அந்தத் திங்கட்கிழமையாவது யோக்கியமா என்றால், பஞ்சாங்கப்படி அன்று காலை 7.30 முதல் 9 வரை ராகுகாலம். ஆறு மணி அலாரத்தை அணைத்துவிட்டு ஏழரைக்குக் கண் விழிப்பவருக்கு இதைவிடத் தோதான சாஸ்திரம் கிடையாது. ஜனவரி 1 கதை இன்னும் வேடிக்கை. வருஷா வருஷம் அது மார்கழியில்தான் வருகிறது. மார்கழியில் கல்யாணம் வைக்க மாட்டோம், புது வீடு புக மாட்டோம். வாழ்க்கையை அடியோடு மாற்றுகிற வேலையை மட்டும் அந்த மாதத்தின் நட்டநடுவில் தொடங்குவோம். தை பிறப்பதற்குள் சபதம் எழுதிய டைரி பால் கணக்குக்குப் போய்விடும்.

‘ஆராய்ச்சியே உங்களுக்கு எதிராக இருக்கிறதே’ என்று படித்தவர்கள் மறுப்பார்கள். இருக்கிறதுதான். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஜிம்முக்கு மாணவர்கள் வருவது வாரத் தொடக்கத்தில் 33 சதவீதமும், செமஸ்டர் தொடக்கத்தில் 47 சதவீதமும் கூடுகிறதாம். பிறந்தநாளுக்குப் பிறகும் வருகை கூடுகிறது; 21-ஆவது பிறந்தநாள் மட்டும் விதிவிலக்கு. அந்த நாட்டில் சட்டப்படி மது வாங்குகிற வயது அது. புதுத் தொடக்கம் ஆளை எழுப்பி உட்கார வைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாரத் தொடக்கத்தில் கூடுகிற கூட்டம் வாரக் கடைசியில் எங்கே போகிறது என்பதும் அதே கணக்கில்தானே அடக்கம்? ஸ்டெஃபானோ டெல்லாவின்யாவும் உல்ரிக்கே மால்மெண்டியரும் 2006-இல் மூன்று அமெரிக்க ஜிம்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். மாதச் சந்தா 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்தில் ஐந்து தடவைகூடப் போகவில்லை. ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. சந்தாவே இல்லாமல் தடவைக்கு 10 டாலரில் போய்வரும் வசதி அதே ஜிம்மில் இருந்தது! அவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. தங்களுக்குள்ளிருந்து ஒரு பயில்வான் சீக்கிரமே புறப்பட்டு வருவான் என்று நம்பி, அவன் பெயரில் முன்பணம் கட்டியவர்கள்.

அடுத்த மறுப்பு வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும்: ‘நல்ல காரியத்தை நாள் பார்த்துத்தானே தொடங்கணும்?’ தாராளமாக. ஆனால் முகூர்த்தம் ஏன் தவறுவதில்லை என்று பாருங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பத்திரிகை அச்சாகிவிட்டது, சமையல்காரர் முதல் நாளே அண்டா குண்டாவோடு வந்து இறங்கிவிட்டார். மாப்பிள்ளைக்கு அன்று காலை சோம்பலாக இருந்தால் ஊரே கூடி எழுப்பும். தவறவிட்டால் காசும் போகும், மானமும் போகும். திங்கட்கிழமைக்கு இதில் ஒன்றும் கிடையாது. தவறினால் ஏழாம் நாள் இன்னொன்று, பைசா செலவில்லாமல் வாசலுக்கே வருகிறது. வருஷத்துக்கு 52 தடவை வருகிற முகூர்த்தத்துக்கு யார் தாலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு டாக்டர்களே தேதி குறிக்கச் சொல்கிறார்களே என்றால், அது வேறு விஷயம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் குறிப்பார்கள். அதற்குள் நிகோடின் பட்டையோ சூயிங்கமோ தயாராகிவிடும். அதன் பிறகு விசாரிக்க ஒருவர் இருப்பார். குடிக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகக்கூடும் என்பதால், அங்கே நாளும் முறையும் மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும். இதையெல்லாம் நான் கேலி செய்யவில்லை. அந்தத் தேதிகளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார். நம் திங்கட்கிழமைக்குப் பின்னால் இருப்பது செவ்வாய்க்கிழமை மட்டும்தான்.

தேதிப் பித்தின் முழுச் சேதமும் தெரிவது புதன்கிழமை. இரண்டு நாள் ஒழுங்காகப் போகிறது. மூன்றாம் நாள் ஆபீசில் யாருக்கோ பிரமோஷன்; மேஜைக்கே ஜாங்கிரி வருகிறது. ஒன்றைத் தின்றால் அது ஒரு ஜாங்கிரிதான். ஆனால் நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று இரண்டாவதற்குக் கை நீள்கிறது. பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் 1975-இல் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லோரையும் ஐஸ்கிரீம் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடிக்காதவர்கள் அளவாக எடுத்துக்கொண்டார்கள். குடித்தவர்கள்தான் வெளுத்துக் கட்டினார்கள். நம்மவருக்கோ மிச்ச வாரமே காலி. வியாழன் முதல் ஞாயிறு வரை துக்கம் அனுஷ்டித்துவிட்டு, அடுத்த திங்களுக்குப் புதுச் சபதம். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் மாறாகச் சொல்கிறது. ஒரு பழக்கம் படிய ஆளுக்குத் தகுந்தபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம், நடுவாக 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடுவதில்லை. ஊரெல்லாம் சொல்கிற 21 நாள் கணக்கு, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாவது ஆகும் என்றார் அவர். மூக்குக்குச் சொன்னது எப்படியோ வாக்கிங்கில் வந்து ஒட்டிக்கொண்டது.

‘அப்படியென்றால் எப்போதுதான் தொடங்குவது?’ என்பது கடைசிக் கேள்வி. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் ஒரு வழி எழுதினார்: இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முடிச்சுப் போட்டுக்கொள்வது. தேதிக்கு அங்கே வேலையே இல்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் தெருமுனை மெடிக்கல் ஷாப் வரை போய்த் திரும்புவது என்று வைத்துக்கொண்டால், அன்று வியாழனோ தேய்பிறை அஷ்டமியோ, கை கழுவாமலா இருக்கப்போகிறோம்? அதற்குக் காலில் கிடக்கிற ஹவாய் செருப்பே போதும். ஷூ இல்லாமல் எப்படி என்பவர்கள் ஷூவுக்கு மட்டும் நாள் பார்த்துக்கொள்ளலாம். ஆடி பிறந்தால் தள்ளுபடியில் கிடைக்கும்.