பேங்க்குக்கு மட்டும் தெரியக்கூடாது

மலாக்காவில் ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டுத் தவணை கட்ட முடியாமல் திணறினால், அந்தச் சேதி போகிற வரிசை ஒன்று உண்டு. முதலில் குலதெய்வத்துக்கு. அடுத்து ஜோசியருக்கு. அப்புறம் கூட்டுச் சீட்டுப் பிடிக்கிற அக்காவுக்கு, அவர் வாயால் ஊருக்கு. கடன் கொடுத்த பேங்க்குக்கு மட்டும் மூச்சு விடமாட்டோம். அவர்களாகவே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

புக்கிட் பெருவாங்கில் எங்களுடையது ஒற்றை மாடி தெரஸ் வீடு. 2019இல் வாங்கியது. இங்கே தொழிற்சாலைக் குடும்பங்களின் கணக்கு எளிமையானது: அடிப்படைச் சம்பளம் சோற்றுக்கு, ஓவர்டைம் கூரைக்கு. ஓவர்டைம் நின்றால் கூரை ஆடும். எங்கள் கூரை ஆடியபோது என் வீட்டுக்காரர் எடுத்த முதல் நடவடிக்கை, கைப்பேசியைச் சத்தமில்லாமல் ஆக்கி மேசைமேல் குப்புறப் போட்டது.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. கோவிட் வந்தபோது 2020 ஏப்ரலிலிருந்து வீட்டுக் கடன்களை ஆறு மாதம் ஒத்திவைத்தார்கள். விண்ணப்பம் இல்லை, கையெழுத்து இல்லை, தானாகவே நடந்தது. அதிலிருந்து, கஷ்டம் என்றால் அரசாங்கமே கூப்பிட்டுச் சொல்லும் என்று இவருக்கு ஒரு நம்பிக்கை. ஒத்திவைத்த மாதங்களிலும் வட்டி மட்டும் லீவு எடுக்காமல் வேலை பார்த்தது இவர் காதில் ஏறவில்லை. அந்த ஜூலையில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, கடன் வட்டிக்கு அடிப்படையான ஓபிஆர் விகிதத்தை 1.75 விழுக்காட்டுக்கு இறக்கியது. தவணை குறைந்த குஷியில் சுவரை அடைக்கிற டிவி ஒன்று தவணையில் வந்து இறங்கியது. 2023 மே மாதம் ஓபிஆர் மறுபடி 3 விழுக்காட்டுக்கு ஏறி, வீட்டுத் தவணை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. டிவி மட்டும் எங்கும் போகவில்லை.

என் மாமியாருக்கு இந்தப் பதற்றமே புரியவில்லை. ஜாசின் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "தோட்டத்துல வீட்டுக்குத் தவணையா கட்டினோம்? வேலை இருந்தா வீடு, வேலை போனா வீடும் போச்சு. தொரை ஒரே நாள்ல சொல்லிடுவான். இவன் என்னாம்மா மாசக்கணக்கா கடுதாசி அனுப்புறான்?" என்றார். பேங்க்கைவிடத் தொரை திறமைசாலி என்பது அவர் கட்சி.

அந்தக் கடுதாசிகளை நான்தான் பிரித்தேன். மாமியார் சொன்னது சரி, பேங்க்குக்குப் பொறுமை அதிகம். மூன்று மாதத் தவணை தாண்டினால்தான் கடன் செயல்படாத கணக்கில் போய் உட்காரும். அப்புறம் நிலச் சட்டப்படி பாரம் 16டி என்ற நோட்டீஸ் வரும். அதற்கும் ஒரு மாதம் பதில் இல்லாவிட்டால் நில அலுவலகம் வழியாகவோ உயர்நீதிமன்றம் வழியாகவோ லெலோங். ஏலத்தில் வந்த பணம் போதாவிட்டால் மீதிக் கடனும் நம் தலையில்தான். வீடு போனபிறகும் வீட்டுக் கடன் கட்டுகிற அந்த விநோதத்துக்குத் தோட்டத்தில்கூட ஈடு கிடையாது.

இதற்கிடையில் யோசனைகள் வரிசை கட்டின. மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் 'உடனடிக் கடன்' ஸ்டிக்கர் நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமே என்றார் வீட்டுக்காரரின் நண்பர். ஆலோங் என்கிற அநியாய வட்டிக்காரர்களிடம் கடன் வாங்கியவர்களின் கேட்டில் சிவப்புச் சாயம் வழிவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கேட்டுக்குச் சாயம் பூச வேண்டியதுதான், ஆனால் அந்தக் கலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் அவரை ஏகேபிகேவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடனில் மூழ்குகிறவர்களுக்காகப் பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஆலோசனை நிறுவனம். மலாக்காவிலும் கிளை இருக்கிறது. ஒரு காசு வாங்குவதில்லை. அதனாலேயே நம் ஆட்களுக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை என்று நினைக்கிறேன். ஜோசியருக்குத் தட்சிணை வைத்தோம், அவர் பேச்சுக்கு ஒரு கனம் இருந்தது.

அந்த ஜோசியர் இவருடைய ஜாதகத்தின் பன்னிரண்டு கட்டங்களைப் பார்த்து, சனி உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போக நாளாகும் என்றிருந்தார். ஏகேபிகேயில் இருந்த ஆலோசகர் புவானும் பன்னிரண்டு கட்டங்களைத்தான் பார்த்தார். சிசிரிஸ் அறிக்கை என்று பெயர். கடந்த பன்னிரண்டு மாதமும் கட்டம் கட்டமாக இருக்கும், எத்தனை மாதத் தவணை பாக்கியோ அந்த எண் உள்ளே. எங்களுக்கு வரிசையாகச் சுழியம், கடைசியில் ஒரு 1, அப்புறம் ஒரு 2. "3 வருவதற்குள் வந்துவிட்டீர்கள், நல்லது" என்றார். பரிகாரம் எதுவும் சொல்லவில்லை. பேஸ்லிப்பையும் செலவுப் பட்டியலையும் கேட்டார்.

பிரச்சினையே பட்டியலில்தான். அரிசி, மீன், பெட்ரோல் எல்லாம் கடகடவென்று சொன்ன மனுஷன், 'நம்பர்' லாட்டரி என்கிற இடத்தில் தொண்டையைக் கனைத்தார். வாரத்துக்கு எவ்வளவு என்று புவான் கேட்க, "சும்மா, சில்லறைதான்" என்றார். நான் அருகில் இருந்து சில்லறையை ரிங்கிட்டாக மாற்றிச் சொன்னேன். கல்யாண மொய்யை எந்தக் கலத்தில் எழுதுவது என்று தெரியாமல் புவான் சற்று நேரம் யோசித்தார். திரும்பி வருமா என்று கேட்டார். வரும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றேன். 'இதர செலவு' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு நடந்தவை சுவாரஸ்யமில்லாதவை, அதனால்தான் பலித்தன. பேங்க் கடன் காலத்தை நீட்டி மாதத் தவணையைக் குறைத்தது. மொத்த வட்டி கூடும், வயதான பிறகும் கட்டுவோம், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம். இபிஎஃப் சேமநிதிப் பணத்தை 2024 மே முதல் மூன்று கணக்காகப் பிரித்திருக்கிறார்களே, அதில் செஜாத்தெரா கணக்கிலிருந்து வீட்டுத் தவணைக்கு எடுக்க வழி இருந்தது. பின்னறையை எம்எம்யூ மாணவர்களுக்கு விட்டோம். பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் காலி அறை வைத்துக்கொண்டு கடனாளியாவது கொஞ்சம் அநியாயம்தான். பையன்கள் டிவி முன்னால்தான் படிக்கிறார்கள், அதற்கும் ஒரு பிரயோஜனம் வந்தது.

வீட்டுக்காரரின் கைப்பேசி இப்போது நிமிர்ந்து கிடக்கிறது. வந்த தொல்லை வேறு. புதிதாக மதம் மாறியவர் மாதிரி ஆகிவிட்டார். செங் சன்னாசிமலையில் மாசி மகத்தன்று அன்னதான வரிசையில் நின்றுகொண்டு, யார் கைப்பேசி அடிக்க அடிக்க எடுக்காமல் இருக்கிறார்கள் என்று நோட்டம் விடுகிறார். கண்டுபிடித்ததும் போய்த் தோளில் கைபோட்டு, "எத்தனை மாசம்?" என்கிறார். பெண்களிடம் இப்படிக் கேட்டுவைக்கப் போகிறார் என்று எனக்குப் பயம்.

"அந்தப் பக்கம் போகாத லா, ஏகேபிகே வராரு" என்று ஆட்கள் கலைகிறார்கள். அதே ஆட்களில் சிலர் ராத்திரி எங்கள் கேட்டைத் தட்டி, சும்மா இப்படி நடந்து வந்தேன் என்கிறார்கள். புக்கிட் பெருவாங்கில் இந்நேரத்தில், பேஸ்லிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் சும்மா நடக்கிறார்கள்?